மாங்காய்ச் சீசனுக்கு நான் போட்ட குறுக்குவழி

மாங்காய்ச் சீசன் தொடங்குவதற்கு முந்தைய வாரம், சித்தூர்ப் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் இருப்பவர்கள் யாரும் கல்யாணத்துக்குப் போவதில்லை. நாராயணவனத்தில் என் சொந்தத் தங்கை மகள் கல்யாணம். முகூர்த்தம் முடிந்து, பந்தியும் முடிந்து, இலை எடுக்கிற நேரத்துக்குத்தான் நான் போய்ச் சேர்ந்தேன். "கம்ப்யூட்டரைக் கட்டிக்கினவளுக்கு இங்க இன்னா வேலை?" என்று தங்கை கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை. சாப்பாடு மட்டும் எடுத்து வைத்திருந்தாள்.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு இது புரிய வேண்டுமானால் ஜூஸ் பேக்டரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பங்காருபாளையம் சுற்றிலும் தோத்தாபுரி மாங்காயைக் கூழாக்கி டிரம்மில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் நிறையப் பேர். வருஷத்தில் மூன்று மாதம் இரவு பகலாக ஓடும். அப்புறம் கழுவித் துடைத்துப் பூட்டிவிடுவார்கள். எடைமேடை, லேப், பேக்கிங், கேட் எல்லா இடத்துக் கம்ப்யூட்டரும் பிளாஸ்டிக் கவரைப் போர்த்திக்கொண்டு அடுத்த மே மாதம் வரை தூங்கும். சீசனுக்கு முன்னால் நல்ல நாள் பார்த்து பாய்லருக்குப் பூஜை போடுவார்கள். மானிட்டருக்கும் பொட்டு வைத்துத் தேங்காய் உடைப்பார்கள். அந்த நேரத்தில் எல்லா மெஷினும் ஆன் ஆகி எரிய வேண்டும். எரியும். எரிந்தவுடன் திரை கறுத்து, மூலையில் ஒரு எழுத்து வரும், இந்த மென்பொருள் இன்னும் ஆக்டிவேட் ஆகவில்லை என்று. பூஜை நேரத்தில் திரை கறுத்தால் முதலாளிகள் முகமும் கறுக்கும்.

நான் திருப்பதியில் ஒரு சின்ன சர்வீஸ் கம்பெனியில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தேன். பொம்பளை சிபியூவைத் தூக்குவாளா என்று கேட்டவர்களுக்கு முன்னால் தூக்கிக் காட்டியே முதல் அஞ்சு வருஷம் போயிற்று. கடைசியில் சித்தூர்ப் பக்கத்து வாடிக்கையாளர்கள் முழுவதும் என் பொறுப்பு. அதில் ஜூஸ் பேக்டரி மட்டும் பதினாலு. பதினாலு பேரும் பூஜைக்கு ஒரே வாரத்தில்தான் நாள் பார்ப்பார்கள், பஞ்சாங்கம் ஒன்றுதானே.

திரை ஏன் கறுக்கிறது என்பதற்கு வருகிறேன். பெரிய கம்பெனி ஒன்று நூறு மெஷினுக்கு மென்பொருள் வாங்கினால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சாவி எண் அடித்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் அவர்கள் ஆபீசிலேயே ஒரு சர்வர் இருக்கும். 'இந்த மெஷின் நம்முடையதுதான்' என்று அது சாட்சி சொல்லும். அந்தச் சாட்சி நூற்றெண்பது நாளைக்குச் செல்லும். அதற்குள் மெஷின் மறுபடி போய்க் கேட்டுக்கொள்ள வேண்டும். முறையாக வாங்கியவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் இதே சாட்சியைச் சொல்லும் சர்வர்களை யார் யாரோ இன்டர்நெட்டில் நடத்துகிறார்கள். எந்த ஊர், எதற்காக இலவசமாகச் செய்கிறார்கள் என்று ஒன்றும் தெரியாது. தாலுகா ஆபீஸ் வாசலில் பச்சை இங்க் பேனாவோடு நின்றுகொண்டு, கெஸடெட் ஆபீசர் கையெழுத்தைத் தானே போட்டுத் தருகிற ஆளைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி ஆள்தான் இதுவும்.

எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அப்படி ஒரு அட்ரஸ் சுற்றிக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் அதைத்தான் போட்டோம். மனசாட்சி உறுத்தியதா என்று கேட்டால், இல்லை. சின்ன பேக்டரி, வருஷத்தில் மூன்று மாதம் ஓடுகிற மெஷின், இதற்குப் போய் லைசென்ஸ் வாங்கு என்று எப்படிச் சொல்வது என்று எங்களுக்குள் நாங்களே தீர்ப்பு எழுதிக்கொண்டோம். வாடிக்கையாளரிடம் கேட்கவே இல்லை. நான் சொல்லப்போகும் பேக்டரியின் முதலாளி சுதாகர்காரு ஒரு தடவை தெலுங்கும் தமிழும் கலந்து கேட்டார், "மேடம், இது ஒரிஜினலேனா?" என்று. "ஆக்டிவேட் ஆகியிருக்குது சார்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

ஒன்பது மாதம் தூங்குகிற மெஷினுக்கு நூற்றெண்பது நாள் சாட்சி போதாது. அதனால் ஒவ்வொரு மே மாதமும் பதினாலு இடத்துக்கு ஓட வேண்டியிருந்தது. அந்த அட்ரஸும் அடிக்கடி செத்துப்போகும், வேறொன்று வரும். குரூப்பில் ஒருத்தர், அவர் முகத்தை நான் பார்த்ததில்லை, எப்போதும் உயிரோடிருக்கிற அட்ரஸுக்கான கட்டளையை ஒரு இணையப் பக்கத்தில் போட்டு வைப்பதாகச் சொன்னார். எனக்கு ஒரு யோசனை வந்தது. நாலே வரி எழுதினேன். மெஷின் எரிந்தவுடன் அந்தப் பக்கத்துக்குத் தானாகப் போய், அங்கே என்ன எழுதியிருக்கிறதோ அதைக் கொண்டுவந்து, முழு அதிகாரத்தோடு ஓட்டிவிட வேண்டும். யாரும் எதையும் தொட வேண்டாம். ஆன்ட்டிவைரஸ் இதைப் பார்த்துக் கத்தியது. நாலு வரி இருந்த ஃபோல்டர் பக்கமே போகாதே என்று அதற்குச் சொல்லிவைத்தேன். கதவைத் திறந்து வைத்ததும் போதாமல் நாயையும் கட்டிப்போட்டேன் என்று இன்றைக்குச் சொல்வேன். அன்றைக்கு என் மனதில் இருந்தது ஒரே எண்ணம்தான்: அடுத்த மே மாதம் நான் ஓட வேண்டியதில்லை.

இந்தத் தப்பைப் பெரிய ஆபீஸ்காரர்கள் செய்ய மாட்டார்கள். அவர்கள் மெஷின் வருஷம் பூரா எரிகிறது. சீசன் பேக்டரியைக் கட்டிக்கொண்டு அழுகிற எங்களுக்குத்தான் இப்படி ஒரு புத்தி போகும். அடுத்த வருஷம் பதினாலு இடத்திலும் பூஜை நேரத்தில் திரை பளிச்சென்று வந்தது. நான் வீட்டில் உட்கார்ந்து உப்புமா சாப்பிட்டேன். கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அதற்கும் அடுத்த வருஷம் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

ஜூன் மாதம், லாரிகள் ரோடு வரைக்கும் வரிசை கட்டி நிற்கிற சமயம். காலை பத்து மணிக்கு சுதாகர்காரு பேக்டரியின் லேபிலிருந்து பிரமீளா போன் செய்தாள். அவள்தான் அங்கே தரம் பார்க்கிற பொறுப்பு. பதினோரு வருஷமாக அதே லேபில் இருந்தாள்.

"அக்கா, லேப் மெஷின்ல எல்லா பைலும் பேர் மாறிக்கீது. தொறந்தா தொறக்க மாட்டுது. இங்கிலீஷ்ல இன்னாவோ எழுதி வந்துக்கினு கீது. நீங்க கொஞ்சம் வர்றீங்களா?"

நான் அன்றைக்குச் சித்தூரில்தான் இருந்தேன். முக்கால் மணி நேரத்தில் போய்விட்டேன். திரையில் இருந்ததைப் படித்தவுடன் தெரிந்தது, பைல் எல்லாவற்றையும் யாரோ பூட்டிவிட்டார்கள், திறக்கக் கப்பம் கேட்கிறார்கள். பேக்கப் எடுக்கிற ஹார்ட் டிஸ்க்கும் அதே மெஷினில் எப்போதும் மாட்டியபடியே இருந்ததால் அதுவும் பூட்டிக்கொண்டது.

அந்த லேபில் போனது என்ன என்று சொல்கிறேன். ஒவ்வொரு லாட் கூழும் எந்தத் தோட்டத்துக் காய், எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் கொதித்தது, டெஸ்டில் என்ன வந்தது என்ற விவரம். அது இல்லாவிட்டால் டிரம் வெறும் டிரம்தான், கப்பல் ஏறாது. பிரமீளாவின் வேலையே அந்த விவரம்தான்.

நான் உட்காருவதற்கு முன்பே அவள் மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, நான் ஒண்ணு பண்ணிட்டேன். திங்கக்கெழம எம்பொண்ணோட பென் டிரைவ இதுல போட்டு ஒரு செமினார் பேப்பர் பிரின்ட் எடுத்தேன். அதனாலதான் வந்துச்சா?"

சுவரில், அவள் தலைக்கு நேர் மேலே, தெலுங்கில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பென் டிரைவ் போடக் கூடாது. அதை ஒட்டினது நான்தான்.

"பாக்கலாம்மா" என்றேன்.

பார்த்தேன். பென் டிரைவை வாங்கி என் லேப்டாப்பில் சோதித்தேன். ஒரு பாலத்தின் டிராயிங், செமினார் பேப்பர், திருச்சானூர்க் குளக்கரையில் தோழிகளோடு எடுத்த நாலு போட்டோ. வேறொன்றும் இல்லை, சுத்தமாக இருந்தது. அப்புறம் என் நாலு வரியைத் திறந்தேன். அது அன்று காலை கொண்டுவந்து வைத்திருந்த கட்டளையைப் பார்த்தேன். முன்பெல்லாம் அதில் அரைப் பக்கம்தான் இருக்கும். இப்போது உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தது. எழுதின கையும் வேறு. அந்தப் பக்கத்தை நடத்தியவர் விட்டுவிட்டாரா, விற்றுவிட்டாரா, அவரேதானா, இன்று வரை எனக்குத் தெரியாது. சீசன் ஆரம்பித்த நாளிலிருந்து தினமும் காலையில் அந்த மெஷின் யாரோ ஒருவரிடம் போய், "இன்றைக்கு என்ன செய்யட்டும்?" என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. கேட்கச் சொல்லிக் கொடுத்தது நான். அப்போது மணி பதினொன்று.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் ஒரு பேச்சு சொல்வார்: "எரியிற ஊட்ட அப்புறம் பாரு, பக்கத்து ஊட்டுக் கூரைய மொதல்ல நனை." அது ஞாபகம் வந்தது. மற்றப் பதிமூன்று பேக்டரியிலும் இதே நாலு வரி இருக்கிறது. வெளியே வேப்ப மரத்தடிக்குப் போய் வரிசையாகப் போன் செய்தேன். உண்மையைச் சொன்னால் விளக்க நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, "நெட் லைன்ல கோளாறு, கேபிளை எல்லா மெஷின்லயும் புடுங்கி வைங்க, நான் வர்ற வரைக்கும் சொருகாதீங்க" என்றேன். ஒருவர் மட்டும், லாரி நிற்கிறது மேடம் என்று முனகினார். அவரும் பிடுங்கினார். அந்தக் கட்டளை மாறின பிறகு அங்கே யாரும் மெஷினை அணைத்துப் போட்டிருக்கவில்லை, பதிமூன்றும் தப்பித்தன.

அங்கேதான் நான் வழுக்கினேன். ஒரு பொய் சொல்லிப் பதிமூன்று இடத்தைக் காப்பாற்றியதால், பொய் சொல்வதே அன்றைக்கு நல்ல வேலை மாதிரி ஆகிவிட்டது. திரும்பி உள்ளே வந்தபோது சுதாகர்காரு லேபில் நின்றுகொண்டிருந்தார். யாரோ அதற்குள் சொல்லியிருந்தார்கள்.

"பென் டிரைவ் போட்டது எவரு?" என்று கேட்டார். கத்தவில்லை. அவர் கத்துகிற மனுஷர் இல்லை.

"நான்தான் சார்" என்றாள் பிரமீளா.

அவர் என்னைப் பார்த்தார். "மேடம், இது பென் டிரைவ்ல வந்ததுதானா?"

"பென் டிரைவ்லயும் வரும் சார். பாத்துக்கினு இருக்கேன்."

அந்த வாக்கியத்தில் பொய் இல்லை என்று வக்கீல் வேண்டுமானால் வாதாடலாம். சுதாகர்காரு தலையாட்டினார். கூழ் வாங்குகிற கம்பெனியின் ஆள் மறுநாள் சென்னையிலிருந்து வருகிறார், காரணமும் கேட்பார், காரணத்துக்கு ஒரு பெயரும் கேட்பார் என்றார். "ஒரு லெட்டர் ராசி இவ்வம்மா. நடந்தது நடந்தமாதிரி எழுதிக் குடு. சீசன் முடியட்டும், அப்புறம் சூஸ்தாம்" என்று பிரமீளாவிடம் சொல்லிவிட்டுப் போனார். பார்க்கலாம் என்று முதலாளி சொன்னால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். சித்தூர்ப் பக்கம் லேப் வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் எல்லோரும் ஒருத்தருக்கொருத்தர் தெரிந்தவர்கள். அந்த லெட்டர் கோப்பில் ஏறினால் அவளுக்கு வேறு எந்த பேக்டரியிலும் லேபில் இடம் கிடைக்காது.

எனக்குத் தெரிந்திருந்தும் நான் வேலை செய்வது போல உட்கார்ந்திருந்தேன். மெஷினைப் பிரித்தேன், மாட்டினேன். ஏன் சொல்லவில்லை என்று பிற்பாடு பலவிதமாக யோசித்திருக்கிறேன். கம்பெனி பெயர், பதினாலு வாடிக்கையாளர், ஓய்வுக்கு இன்னும் நாலு வருஷம். எல்லாம் உண்மை. ஆனால் இதற்கெல்லாம் ஒரே பெயர் பயம், வேறு நல்ல பெயர் வைக்க வேண்டாம். ஆம்பளைகளுக்கு நடுவில் முப்பது வருஷம் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவள் நான். முட்டாள் என்று பெயர் வாங்கத் தைரியம் இல்லை.

மதியம் அவள் சாப்பிடவில்லை. வெளியே போய் யாருடனோ போனில் பேசிவிட்டுக் கண் சிவந்து வந்தாள். வீட்டுக்காரரிடம் பேசியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். நான் அவள் கொண்டுவந்திருந்த எலுமிச்சம் சாதத்தைச் சாப்பிட்டேன். "நீங்க துன்னுங்க அக்கா, காலைலேந்து எனக்காக ஒக்காந்துக்கினு கீறீங்க" என்று அவளே டப்பாவை என் பக்கம் தள்ளினாள். அந்தச் சோறு தொண்டையில் இறங்கியது என்பதுதான் எனக்கு இன்றைக்கும் வெட்கம்.

நாலு மணிக்கு ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"இதுல இன்னான்னு எழுதறது அக்கா? உங்களுக்குத்தான் சரியா தெரியும். சொல்லுங்க, அப்படியே எழுதிக்கிறேன்."

நான் முதல் வரியைச் சொன்னேன். ஆமாம், சொன்னேன். இந்த மாதிரி இந்தத் தேதியில் விதியை மீறி லேப் கம்ப்யூட்டரில் பென் டிரைவைப் போட்டேன் என்று. அது நடந்ததுதானே என்று மனம் சமாதானம் சொல்லிற்று. அவள் முத்து முத்தாகத் தெலுங்கில் எழுதினாள். ஒரு அடித்தல் இல்லை. எழுதிவிட்டு, தாளை லேசாக என் பக்கம் திருப்பினாள்.

"கீழ நீங்களும் ஒரு கையெழுத்து போட்டுடுங்க அக்கா. நீங்க போட்டா அவங்க நம்புவாங்க. நான் மறைக்கல, ஒத்துக்கினேன்னு தெரியணும்ல?"

பேனாவையும் நீட்டினாள். அந்தப் பேனாவை என்னால் வாங்க முடியவில்லை. இதில் வீரம் ஒன்றும் இல்லை, கை வரவில்லை, அவ்வளவுதான்.

"இரு பிரமீளா. பென் டிரைவ்ல ஒண்ணும் இல்ல. இது என்னால வந்தது" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. தாளையும் எடுத்துக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு சுதாகர்காரு அறைக்குப் போனேன். என் லேப்டாப்பைத் திறந்து அந்த நாலு வரியையும், அது கொண்டுவந்து கொட்டியதையும் காட்டினேன். சாட்சி சொல்கிற சர்வர், அட்ரஸ், கட்டிப்போட்ட நாய், எல்லாம் சொன்னேன். லைசென்ஸ் ஒரிஜினல் இல்லை என்பதையும் சொன்னேன். அவர் லேப்டாப் திரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டார்.

"ஒரிஜினலேனான்னு அன்னிக்கி கேட்டேன் மேடம்" என்றார் கடைசியில்.

"கேட்டீங்க சார்."

"வாங்கணும்னு சொல்லியிருந்தா வாங்கியிருப்பேன். இல்ல, வேற எதுனா இலவசமா கிடைக்கிறதைப் போடுன்னு சொல்லியிருப்பேன். என்னைக் கேக்காமலே என் பேக்டரிக்கு நீங்க எப்படி முடிவு பண்ணீங்க?"

இந்தக் கேள்வியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆக்டிவேஷன் சட்டப்படி தப்பு என்று யார் வேண்டுமானாலும் உங்களுக்குச் சொல்வார்கள். வாடிக்கையாளர் வீட்டுச் சாவியை அவருக்குத் தெரியாமல் முகம் தெரியாதவனிடம் கொடுக்க நமக்கு யார் உரிமை கொடுத்தார்கள் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. பணமில்லை என்று சொல்கிற வாடிக்கையாளரிடம், இலவசமாகவே கிடைக்கிற நல்ல மென்பொருள் இருக்கிறது, பழகக் கொஞ்சம் நாளாகும் என்று நேராகச் சொல்லலாம். சொன்னால் பாதிப் பேர் கேட்பார்கள், மீதிப் பேர் வேறு ஆளைப் பார்ப்பார்கள். போகட்டும்.

சுதாகர்காரு லெட்டரை எடுத்து என்னிடம் நீட்டினார். "இதை அந்தப் பொண்ணுகிட்ட நீங்களே திருப்பிக் குடுங்க. வேற லெட்டர் நீங்க எழுதுங்க. சீசன் முடியிற வரைக்கும் இருந்து இதைச் சரி பண்ணுங்க. அப்புறம் வேணாம்."

அப்படியே செய்தேன். என் கம்பெனி முதலாளி, "ஊர்ல நம்ம மட்டுமா பண்றோம்?" என்று கேட்டார். பிறகு என் லெட்டரின் அடியில் கம்பெனி முத்திரையைக் குத்திக் கொடுத்தார். மற்றப் பதிமூன்று இடத்துக்கும் போய் என் வரிகளை என் கையாலேயே துடைத்தேன். லைன் கோளாறு என்று சொன்னது பொய் என்பதையும் சொன்னேன். சிலர் எங்களை விட்டுப் போனார்கள். சிலர் திட்டிவிட்டு வைத்துக்கொண்டார்கள்.

லேபில், ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஒரு சின்னப் பாட்டில் கூழை எடுத்து அலமாரியில் வைத்திருப்பார்கள். அது பேக்டரி வழக்கம். பிரமீளா எல்லாப் பாட்டிலையும் எடுத்து மறுபடி டெஸ்ட் செய்தாள். கொதிநிலையைப் பதிவு செய்கிற கருவியின் காகிதச் சுருளை விரித்து அவள் சொல்லச் சொல்ல நான் கம்ப்யூட்டரில் தட்டினேன். மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, பாட்டிலுக்கு மூடி போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அன்னிக்கி உங்களுக்கு எத்தினி மணிக்குத் தெரிஞ்சுது அக்கா?"

மூன்றரை என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியாது.

"பதினொண்ணுக்கு" என்றேன்.

அவள் அடுத்த பாட்டிலை எடுத்தாள். அதை முடித்தாள். அப்புறம், "அன்னிக்கி மத்தியானம் போன்ல எம்பொண்ணு மௌனிகாவ வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். உன்னாலதாண்டி எம்பொழப்பு போச்சு, நீ எதுக்குப் பொறந்தேன்னு கேட்டுட்டேன். அவங்க நைனா கூட அவகிட்ட அப்படி ஒரு வார்த்தை பேசினதில்ல. இப்போ போன் பண்ணா எடுக்க மாட்டா. உன் மேல தப்பில்லடின்னு மெசேஜ் போட்டேன். என்னை சமாதானம் பண்றதுக்கு சொல்றன்னு எழுதறா. நீங்க போய் சொல்லுங்க அக்கா. மெஷின் தெரிஞ்சவங்க சொன்னா நம்புவா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை திருப்பதியில் மௌனிகாவின் ஹாஸ்டலுக்குப் போனேன். கேட்டுக்கு உள்ளே, பார்வையாளர்கள் உட்கார ஒரு சிமென்ட் பெஞ்சு. மௌனிகா வந்தாள். அம்மாவின் சாயல்தான், கண் மட்டும் வீங்கியிருந்தது. பென் டிரைவை அவள் கையில் கொடுத்தேன். அதில் ஒன்றும் இல்லை, நானே பார்த்தேன், தப்பு என்னுடையது என்று விவரமாகச் சொன்னேன். என்ஜினியரிங் படிக்கிற பெண், அதனால் எதையும் சுருக்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டே பென் டிரைவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கே அம்மாகிட்ட ஏன் சொல்லல ஆன்ட்டி?"

"பயமா இருந்துச்சும்மா."

மூடியை அழுத்தி மாட்டினாள்.

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு" என்றாள். "இந்த பென் டிரைவ நான் காலேஜ் லேப்ல போட்டதே இல்ல, புதுசு. ஆனா அங்கேர்ந்துதான் வைரஸ் வந்துச்சான்னு அம்மா கேட்டதும், ஆமா, அங்க போட்டேன், என் தப்புதான்னு ஒத்துக்கினேன். யாராவது ஒருத்தர் ஒத்துக்கினாத்தான் அம்மா அழறத நிறுத்துவாங்கன்னு தோணுச்சு."

அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. எனக்கு ஐம்பத்தாறு.